மோட்டார் ஓடுது, தண்ணி ஏறலை

பிளஸ் ஒன்னில் நர்சிங் குரூப்பை நானாக விரும்பித் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை என்னவென்றால், என் மதிப்பெண்ணைப் பார்த்ததும் மற்ற குரூப்புகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டன. சாத்தாத கதவுக்குள் நுழைந்தேன். உள்ளே வகுப்பு முழுக்கப் பெண்கள். என்னைப் போலவே வந்து சேர்ந்த இன்னொருவன் முதல் வாரத்திலேயே காமர்ஸுக்கு ஓடிவிட்டான்.

அப்பா மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். யாரும் தொடாத நிறத்துப் புடவையைக்கூட “உங்களுக்குன்னே நெய்த மாதிரி இருக்கும்மா” என்று விற்றுவிடுவார். என் படிப்பை மட்டும் அவரால் விற்க முடியவில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருக்காரர்கள் யாராவது, “பையன் என்ன படிக்கிறான்?” என்று கேட்டால், “மெடிக்கல் லைன்” என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். எனக்கு ஒரு கெடுவும் வைத்திருந்தார்.

“காலாண்டுப் பரீட்சை வரைக்கும் போய்ப் பாரு. சரிப்படலைன்னா காமர்ஸுக்கு மாத்திடலாம். ஹெட்மாஸ்டரை நான் வந்து பாக்குறேன்.”

வாரத்தில் சில நாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி. காவிரிப் பாலம் தாண்டி பஸ்ஸில் போவேன். வளர்கிற பையன் என்று அம்மா என் வெள்ளைக் கோட்டைத் தாராளமாகத் தைக்கச் சொல்லியிருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு வார்டுக்குள் போனால், கோட்டு முதலில் வரும், நான் பின்னால் வருவேன். எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்வது என் வாய். நோயாளிகளைச் சிரிக்க வைக்கிறேன் என்று, தையல் போட்ட வயிறுகளைக் குலுங்க வைத்து வலியைக் கூட்டியதாக ஏற்கெனவே புகார் இருந்தது.

“எல்லாருக்கும் பிளாஸ்திரி ஒட்டுறோம். உன் வாய்க்குத்தான் ஒண்ணு ஒட்டணும்” என்றார் வார்டு சிஸ்டர்.

அன்று ஆண்கள் வார்டில், திருவெள்ளறைப் பக்கத்து விவசாயி ஒருவர் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். முதுகில் போட்ட ஊசியின் மரமரப்பு போய்விட்டது. காலை மடக்கி நீட்டினார், கஞ்சி குடித்தார். சிறுநீர் மட்டும் வரவில்லை. சிஸ்டர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

“டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றதுக்குள்ள போயிடுங்க ஐயா. இல்லன்னா டியூப் போட்டுத்தான் எடுக்கணும்.”

எங்கே போடுவார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சிஸ்டர் நகர்ந்ததும் என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, வயித்தை அறுத்தப்பக்கூட நான் ஒண்ணும் சொல்லலை. அந்தக் குழாய் மட்டும் வேணாம்னு சொல்லிடுங்க.”

கோட்டைப் பார்த்து ஏமாந்தவர்களில் அவரும் ஒருவர். நான் அதற்கு ஏற்றாற்போல், “நான் இருக்கேன்ல ஐயா, குழாயெல்லாம் வராது” என்றேன். நாலு கட்டில் தள்ளி நின்ற சிஸ்டருக்குக் காது கூர்மை.

“வாக்குக் குடுத்துட்டீங்களா சார்? அப்ப நீங்களே பாத்துக்குங்க.”

அவரைக் கட்டில் ஓரத்தில் மெல்ல உட்காரவைத்து, யூரினல் பாட்டிலைக் கையில் கொடுத்து, சுற்றித் திரையை இழுத்துவிட்டேன். நானும் உள்ளேயே நின்றுகொண்டேன். உற்சாகப்படுத்த ஆள் வேண்டாமா?

“வருதுங்களா?”

“மோட்டார் ஓடுது தம்பி, தண்ணி ஏறலை. ஏர் புடிச்சிருக்கும்னு நினைக்கிறேன்.”

தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் வரும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பக்கத்துக் குழாயைத் திறந்தேன். அது இருமிவிட்டு நின்றுபோனது. விடுவேனா? வாளியிலிருந்து ஒரு மக்கில் மொண்டு, உயரத் தூக்கி, இன்னொரு மக்கில் ஊற்றினேன். திரும்ப அதிலிருந்து இதில்.

“எனக்குச் சக்கரை கம்மியா போடுங்க” என்றார் அவர்.

திரைக்கு வெளியே உட்கார்ந்திருந்த அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். “இருங்கம்மா, இதோ வந்துரும்” என்று திரைக்கு வெளியே தலையை நீட்டி அடக்கினேன். அவர் கையில் போன் இருப்பதைப் பார்த்ததும் அடுத்த யோசனை வந்துவிட்டது. முக்கொம்பில் தண்ணீர் திறந்துவிட்ட வீடியோ ஒன்றைப் பேரன் அனுப்பியிருந்தான். போனை வாங்கி அதை ஓடவிட்டு, சத்தத்தை முழுசாகக் கூட்டினேன். காவிரி வார்டுக்குள் பாய்ந்தது.

பலன் உடனே தெரிந்தது. எதிர்க்கட்டில்காரர் எழுந்து கழிப்பறைக்குப் போனார். அவர் பின்னாலேயே இன்னொருவர் போனார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர், “தம்பி, அதை நிறுத்துப்பா, நான் இப்பத்தான் போயிட்டு வந்து படுத்தேன்” என்று கெஞ்சினார். வார்டு முழுக்கப் பாசனம் நடந்தது. எங்கள் வயல் மட்டும் காய்ந்து கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்தக் காவிரி எனக்கும் வேலை செய்ய ஆரம்பித்தது. வாக்குக் கொடுத்தவன் நகரக் கூடாது என்று கால் மாற்றிக் கால் மாற்றி நின்றேன். அதற்குள் வார்டு வாசலில் டாக்டரின் குரல் கேட்டது. விவசாயி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், அதைவிட வேறொன்றைத்தான் தாங்க முடியவில்லை. போனை அந்த அம்மாவிடம் திணித்துவிட்டு ஓடினேன்.

திரும்பி வந்தபோது திரைக்கு அந்தப் பக்கம் அமைதி. டியூப் போட்டுவிட்டார்களோ என்று பயந்துகொண்டே விலக்கினேன். அவர் பாட்டிலைப் பரிசுக் கோப்பை மாதிரி தூக்கிக் காட்டினார். முகம் அப்படியே தளர்ந்து, சின்னப் பையனைப் போல இருந்தது.

“எப்படிங்க?”

அவர் மனைவிதான் பதில் சொன்னார். “பக்கத்துல ஆள் இருந்தா அவருக்கு வயக்காட்டுலயே வராது தம்பி. அப்பவே சொல்லலாம்னு பாத்தேன். நீங்க பேச்சை நிறுத்தினாத்தானே.”

அளந்து பார்க்க வந்த சிஸ்டரும், “எப்படிப் போனாரு?” என்றார்.

“நான் வெளியே போனேன் சிஸ்டர்.”

அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். “அதுவும் வைத்தியம்தான். ஞாபகம் வச்சுக்க” என்றார்.

கிளம்பும்போது விவசாயி கூப்பிட்டார். “நாளைக்கும் வருவீங்கல்ல? வாங்க, பேச்சுத்துணைக்கு ஆள் வேணும். அதுக்கு மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் போயிடுங்க.” அதுவரை எந்த இடத்திலும் என்னைக் கிளம்பச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். திரும்ப வரச் சொன்னது அந்தக் கட்டில்தான்.

இரவு சாப்பிடும்போது அப்பா, “நாளைக்குக் கடையில பர்மிஷன் சொல்லிட்டு ஹெட்மாஸ்டரைப் பாத்துட்டு வந்துடவா? காலாண்டு வரைக்கும் எதுக்கு இழுக்கணும்?” என்றார்.

“வேணாம்ப்பா. இதுலயே இருக்கேன். நாளைக்கு ஒருத்தருக்குக் கட்டு மாத்தணும், நான் போகணும்” என்று ஆரம்பித்து, மக்கு, முக்கொம்பு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே யோசித்தார்.

“சரி, போ” என்றார் கடைசியில். “ஆனா வாசல்லயே நில்லு. உன்னைப் பாத்து அந்த மனுஷனுக்கு மறுபடியும் நின்னுடப் போவுது.”