கப்பல்காரரை வென்ற நாள்

கல்லூரி என்று பெயர் வைத்த எங்கள் பள்ளிக்கூடத்தின் உதைபந்தாட்ட அணியில் முன்வரிசையில் ஆடிய அண்ணனுக்கு மீசை முளைத்திருந்தது. ஆனால் அவர் படித்தது ஆறாம் வகுப்பில். மலையாள நாட்டிலிருந்து வந்தவர். தமிழ் பேசுவார், எழுத்து மட்டும் ஏறாது. அதனால் சின்னப் பெடியன்களோடு, முழங்கால் மேசையில் இடிக்க, கடைசி வாங்கில் இருந்தார். அவருக்கு அதில் ஒரு வெட்கமும் இருக்கவில்லை. வெட்கப்பட்டது கல்லூரி அதிபர்தான்.

அவரை அந்த வாங்கில் கொண்டுபோய் இருத்தியவர் எங்கள் வீட்டோடு இருந்த சித்தப்பா. அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர், பின்னேரங்களில் சம்பளமில்லாத பயிற்சியாளர். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்காரர்களோடு எங்கள் கல்லூரி எத்தனையோ தரம் விளையாடியும் ஒருமுறைகூட வென்றதில்லை என்பது அவருக்கு நெஞ்சுக்குத்தாக இருந்தது. நேவிக் குசினியில் சமையல் வேலை பார்த்த ஒருவரின் மகன் வெறுங்காலால் பந்தடிப்பதைக் கண்ட அன்று, சித்தப்பா சாப்பிடாமலே அதிபர் வீட்டுக்கு ஓடினாராம். வெள்ளைக்காரன் நேவித் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, அந்தச் சமையல்காரரும் பிழைப்புக்காக அவனோடு வேறு தீவுக்குக் கப்பலேறிவிட்டார். மகனைச் சித்தப்பா விடவில்லை. எங்கள் முன் அறையில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார். ஏழு வயதான எனக்கு அவர் அண்ணன். என் அம்மாவை அவர் சேச்சி என்றார்; அவருடைய மொழியில் அக்கா. அம்மாவுக்கு அந்தச் சொல் மிகவும் பிடித்துப்போயிற்று.

அண்ணனின் கவலை பந்தைப் பற்றியதல்ல. ஊரை விட்டு வரும்போது அவருடைய தாய் படுத்த படுக்கையாகக் கிடந்தா. அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. எழுதத் தெரிந்த ஆள் அந்த வீட்டில் இல்லை. ஆகவே எந்தக் கப்பல் வந்து நின்றாலும் ஜெட்டிக்குப் போய், தன் ஊர்ப்பக்கத்து ஆள் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொண்டு வருவார். சாப்பாடு போடும்போது அம்மா கேட்பா.

“தம்பி, இண்டைக்கு ஏதும் அறிஞ்சனியோ?”

“இல்லை சேச்சி.”

அப்படியிருக்கையில் இந்தியாவிலிருந்து ஒரு சரக்குக் கப்பல் வந்தது. ஆட்டத்துக்கு நாள் குறித்தார்கள். கடலோர மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. நான் சித்தப்பாவின் தோளில் இருந்தேன். வழக்கம்போல முதலில் கோல் வாங்கியது நாங்கள். கொஞ்ச நேரத்தில் யாரோ அடித்த அடியில் பந்து கடலுக்குள் போய்விட்டது. அந்த மைதானத்தில் அது சாதாரணம். ஒருவன் நீந்திப்போய் எடுத்து வரும்வரை எல்லோரும் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். அந்த இடைவெளியில்தான் எதிரணியின் நரைத்தலைக்காரர் ஒருவர் அண்ணனோடு பேசத் தொடங்கினார். மலையாளத்தில் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. அண்ணனின் முகம் மலர்ந்ததைக் கண்டேன். பிறகு அண்ணன் எங்களுக்கு முதுகு காட்டித் திரும்பிக்கொண்டார்.

பந்து வந்து சேர்ந்தது. ஆட்டம் தொடங்கியது. அண்ணன் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பந்து அவருடைய காலடியால் உருண்டு போனது. சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

“டேய்! உன்னைப் பந்தடிக்க விட்டனாங்களோ, ஊர்க்கதை கதைக்க விட்டனாங்களோ?”

சனமும் சேர்ந்து கூச்சல் போட்டது. அவன் தன் ஆட்களைக் கண்டதும் எங்களை விற்றுவிட்டான் என்று பக்கத்தில் ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அண்ணன் ஓடினார் பாருங்கள், அப்படியொரு ஓட்டத்தை நான் இன்றுவரை கண்டதில்லை! யாருக்கும் பந்து கொடுக்கவில்லை. விழுந்தார், எழும்பினார், முழங்காலில் இரத்தம் வழிய மறுபடியும் ஓடினார். ஒரு கோல். இன்னொரு கோல். விசில் ஊதியபோது நாங்கள் கப்பல்காரரை வென்றிருந்தோம். தன்னுடைய ஏச்சுத்தான் வேலை செய்தது என்று சித்தப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தூக்கிக் கொண்டாட ஓடினோம். அவர் யார் கைக்கும் அகப்படாமல், போட்டிருந்த உடுப்போடு நேரே கடலுக்குள் இறங்கினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு முழுக்குப் போட்டார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

“சந்தோசத்தில பெடியனுக்கு விசர் பிடிச்சிட்டுது!” என்று சித்தப்பா கூவினார். பிறகென்ன, முழு அணியும் தண்ணீருக்குள் பாய்ந்தது. சித்தப்பா கச்சேரிக் காற்சட்டையோடு என்னையும் தூக்கிக்கொண்டு இறங்கினார். அதிபர்கூடச் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நனைத்தார். கப்பல்காரர்கள் மட்டும் கரையில் சத்தமில்லாமல் கைகட்டி நின்றார்கள். தோற்ற கவலையாக்கும் என்று நினைத்தோம்.

அன்று இரவு அம்மா விளைமீன் பொரித்திருந்தா. சித்தப்பா இருப்பதில் பெரிய துண்டை எடுத்து அண்ணனின் சாப்பாட்டுக் கோப்பையில் போட்டார். அண்ணன் அதை விரலால் ஒதுக்கினார். அம்மா அவருடைய ஈரத்தலையைப் பார்த்தா. பிறகு எழும்பி, அவரைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனா. அங்கே நடந்ததை அம்மா எனக்குச் சொன்னது, நான் கலியாணம் முடித்து ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகுதான்.

“ஆர் தம்பி?”

“என்ர அம்மா, சேச்சி. மூண்டு மாசமாச்சாம். அந்தக் கப்பல்காரர் எங்கட பக்கத்து ஊர்.”

“ஐயோ என்ர ராசா! கேட்ட உடன வெளியில வந்திருக்கலாமே.”

“எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். எங்க போறது? ஆட்டம் முடிய விட்டுத்தான் தலை முழுகினனான்.”

சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டாம், அவர் சந்தோசமாக இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டாராம். அம்மாவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் மீன் வாங்கவில்லை. வென்ற வீட்டில் யாராவது மரக்கறி சமைப்பார்களா என்று சித்தப்பா முணுமுணுத்தபடி சாப்பிட்டார். நானும் அவரோடு சேர்ந்து சிணுங்கினேன்.

அடுத்த வருடம் வேறொரு கப்பலையும் வென்றோம். அதற்குள், வென்றால் கடலில் இறங்கி மூன்று முழுக்குப் போடுவது கல்லூரியின் வழக்கமாகவே ஆகியிருந்தது. பெடியன்கள் கூவிக்கொண்டு கடலுக்கு ஓடினார்கள். அன்றும் கோல் அடித்தவர் அண்ணன்தான். அவரோ மற்றவர்கள் கழற்றி எறிந்த சேட்டுகளைப் பொறுக்கித் தோளில் போட்டுக்கொண்டு கரையிலேயே நின்றார். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

“வாங்கோ அண்ணா, நீங்கள்தானே இதைத் தொடங்கினது!”

“நீ போய் முழுகு பிள்ளை. எனக்கு ஒருக்கா முழுகினதே காணும், போதும்.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நாலு கோல் அடித்ததும் ஆளுக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது, இனி இவரோடு கதைக்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டு, மூக்கைப் பொத்தியபடி தண்ணீருக்குள் ஓடினேன்.