பச்சைத் தண்ணீரைத் திறந்தது யார்?

முழங்கை என்று கேட்டால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். ஏளனமாக வைத்த பெயரில்லை, அவள் தொழிலே அதுதான். பொதுக் குளியல் கூடத்தின் பின்னறையில், பாறைப் பிளவு ஒன்றிலிருந்து வெந்நீர் ஊற்று பொங்கி வரும். பிளவின் மேல் இரும்புச் சட்டம். அங்கிருந்து வாய்க்கால் வழியாக முன்னறையின் பெரிய தொட்டிக்குத் தண்ணீர் ஓடும். அந்தச் சூட்டில் அப்படியே இறங்கினால் தோல் கழன்றுவிடும். அதனால் வாய்க்காலின் நடுவில் ஒரு பச்சைத் தண்ணீர்க் குழாய் வைத்திருந்தார்கள். அதை அளவாகத் திறந்து, மனிதர் தாங்கும் பதத்துக்குத் தொட்டியைக் கொண்டுவருவது அவள் வேலை. உள்ளங்கையால் பார்க்க மாட்டாள். தரை தேய்த்தே காய்த்துப்போன கைக்குச் சூடு எங்கே தெரியப்போகிறது? சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு முழங்கையை முக்குவாள்.

கூடத்தின் பின்புறமிருந்த ஒற்றை அறையில் அவளும் தங்கையும் குடியிருந்தார்கள். இரண்டு கட்டில், ஒரு அலமாரி, ஒரு ஜன்னல். வேலையோடு வந்த அறை அது. வேலை போனால் அறையும் போகும். லாரி ஓட்டப் போன கணவன் வேறெங்கோ வேறொரு குடும்பத்தோடு இருந்ததால், போக்கிடம் என்று அவளுக்கு எதுவும் கிடையாது.

அந்த வருடம் தொட்டி வெதுவெதுப்பாகிவிட்டது. முதலில் முணுமுணுப்புதான். பிறகு முட்டிவலிக்காகத் தவறாமல் வரும் பழைய பஸ் கண்டக்டர் ஒருநாள் தொட்டிக்குள் நின்றபடியே சத்தம் போட்டார்.

"ஏம்மா முழங்கை, இது வெந்நீரா, இல்ல வெந்நீரை எட்ட நின்னு பாத்துட்டு வந்த தண்ணியா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலேயே சந்தேகமும் புகுந்துவிட்டது. மேட்டில் புதிதாக வந்த ஹோட்டலிலும் வெந்நீர்க் குளியல் தொடங்கியிருந்தார்கள். முழங்கையின் தங்கை அங்கேதான் துணி துவைக்கும் வேலை பார்த்தாள். போதாதா? இங்கே அக்கா பச்சைத் தண்ணீரைத் திறந்துவிடுகிறாள், அங்கே கூட்டம் சேருகிறது என்று கதை தானாகவே தயாராகிவிட்டது. கெட்ட எண்ணக்காரி கை பட்டால் ஊற்று சுருங்கிவிடும் என்றும் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். அவருக்கு எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு காரணம் கையிருப்பில் இருக்கும்.

கூடத்தை நடத்திய குழுவின் தலைவர் பெயிண்ட் கடைக்காரர். அவர் நேராகப் பின்னறைக்கு வந்தார்.

"குழாய எவ்வளவு திறந்து வெச்சிருக்கே?"

"மூடியே இருக்குங்க."

"எப்பருந்து?"

எப்போதிருந்து என்பதைத்தான் அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அவள் செய்த தவறு அதுதான். சூடு குறையக் குறைய, குழாயையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் முழுக்க மூடிவிட்டாள். தொட்டி பதமாக இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை. ஊற்று ஆறிவருகிறது என்று சொன்னால் கூடத்தையே இழுத்து மூடிவிடுவார்கள், அறை போய்விடும் என்ற பயம். உண்மையைச் சொன்னால் தெருவுக்கு வரவேண்டும் என்ற நிலையில் ஒருத்தியை வைத்துவிட்டு, அவள் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்பது நம்மிடம் உள்ள பழைய வழக்கம்.

"முன்னாடியே மூடிட்டேங்க. பயத்துல சொல்லல."

"நம்பச் சொல்றியா?"

தலைவர் ஒரு பெரிய பூட்டைக் கொண்டுவந்து குழாயின் சக்கரத்தைச் சங்கிலியால் பிணைத்துப் பூட்டினார். குளிக்க வந்தவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். சாவி அவர் சட்டைப் பையில். தொட்டி அப்படியே வெதுவெதுப்பாக இருந்தது. தலை என்று ஒன்று இருப்பவர் இந்த இடத்தில் நின்று யோசித்திருப்பார். தலைவர் யோசிக்கவில்லை. "இவகிட்ட இன்னொரு சாவி இருக்கு" என்றார். அவள் அறையின் அலமாரியைக் கலைத்துப் பார்த்தார்கள்.

துணிகளை மறுபடி மடித்து அடுக்கும்போது, முழங்கைக்கே ஒரு சந்தேகம் வந்தது. தங்கை சில நாட்களாக முகம் பார்த்துப் பேசுவதில்லை.

"ஏண்டி, அங்க துவைக்கறதுக்குச் சுடுதண்ணி எங்கருந்து வருது?"

"குழாயிலருந்து."

"பாய்லர் இருந்துச்சே?"

"கழட்டிட்டாங்க."

"அப்புறம் யாரு தண்ணி காய்ச்சறது? உங்க மொதலாளியா?"

தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"என் அலமாரியக் கலைச்சப்ப நீ வாசல்லயேதானே நின்னே? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"சொன்னா எனக்கு வேலை போயிரும்க்கா." சுவரைப் பார்த்தபடியே தங்கை சொன்னாள். "துவைக்கிற ஷெட்டுக்குப் பின்னாடி ஆழமா போர் போட்டிருக்காங்க. ஆவி பறக்க வருது. வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்காங்க."

மறுநாள் காலையில், தங்கை பெயரைச் சொல்லாமல், போர் இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்று முழங்கை தலைவரிடம் சொன்னாள். அவர் சிரித்தார்.

"திருடினா தண்ணிதானேம்மா குறையணும்? இங்க தொட்டி நிரம்பி வழியுதே! அவன் சூட்டை மட்டும் தனியா உறிஞ்சிட்டுப் போறானா?"

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. முழங்கைக்கும்கூட. ஹோட்டலின் மூன்று மாடிக்கும் பெயிண்ட் யார் கடையிலிருந்து போனது என்று மட்டும் அன்று ஒருவரும் கேட்கவில்லை.

தொட்டி ஆறிவிட்டது என்று குளிக்க வந்தவர்கள் எழுதிய புகார் மேலே போய், நிலத்தடி நீர்த் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். தொட்டித் தண்ணீரில் கருவியை விட்டுப் பார்த்தார். ஆழத்திலிருந்து வரும் வெந்நீர், வரும் வழியில் பாறையின் உப்புகளைக் கரைத்துக்கொண்டு வரும். பழைய சோதனையில் இருந்த அளவு உப்பு இப்போது இல்லை.

"பச்சைத் தண்ணி கலந்திருக்கு" என்றார்.

தலைவர் தொடையில் தட்டினார். "கேட்டுக்கங்க! விஞ்ஞானமே சொல்லிருச்சு! அறையக் காலி பண்ணச் சொல்லுங்க இவள!"

விஞ்ஞானம் சொன்னது கலந்திருக்கிறது என்று மட்டும்தான். அவளைச் சேர்த்துக்கொண்டது தலைவர். பாதி உண்மையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவர்கள், பொய் சொல்கிறவர்களைவிட வேகமாக ஓடுகிறார்கள்.

"யாரு கலந்தாங்கன்னு நான் சொல்லலையே" என்றார் அதிகாரி. "எந்த இடத்துல கலந்துச்சுன்னே இன்னும் பாக்கல."

பின்னறைக்குப் போய் இரும்புச் சட்டத்தைத் தூக்கச் சொன்னார். பூட்டிய குழாய் இருக்கும் இடத்துக்கு முன்னாலேயே, ஊற்றின் வாயில், பிளவுக்குள் கயிறு கட்டிய குப்பியை இறக்கி எடுத்தார். கருவி அதே எண்ணைக் காட்டியது. தண்ணீர் வெளியே வரும் முன்பே, பாறைக்குள்ளேயே கலந்திருந்தது.

"அது எப்படிங்க?" என்றார் கண்டக்டர்.

"மலையில பெய்யற மழை பாறை இடுக்கு வழியா ரொம்ப ஆழம் இறங்குது. அங்க பாறையே சூடு. காய்ஞ்ச தண்ணி இந்தப் பிளவு வழியா வேகமா மேல வருது. மேல் மட்டத்துல பிளவச் சுத்தி சாதாரணக் கிணத்துத் தண்ணி நிக்குது. வெந்நீர் அழுத்தமா வர்ற வரைக்கும் அதால உள்ள வர முடியாது. நீங்க கண்டக்டர்னு சொன்னாங்க. கூட்டமா இறங்கிட்டிருக்கறப்ப வெளிய நிக்கிறவன் பஸ்ல ஏற முடியுமா?"

"மிதிச்சிருவாங்க!"

"இறங்கற கூட்டம் குறைஞ்சா?"

"பூந்துருவான்."

"அதேதான். இதே பிளவுல ஆழத்துல யாரோ பம்பு வெச்சு இழுக்கறாங்க. அழுத்தம் குறைஞ்சுபோச்சு. பக்கத்துப் பச்சைத் தண்ணி பூந்துருச்சு. அதான் அளவு குறையாம சூடு மட்டும் குறையுது."

கண்டக்டர் முதல் தடவையாக மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தலைவர் விடவில்லை.

"பிளவுலயும் இவளே வாளி வாளியா ஊத்தியிருப்பா."

"ஏங்க, எனக்கு ரெண்டு கைதான்" என்றாள் முழங்கை.

ஹோட்டலுக்கு ஆள் போனது. அப்படி ஒரு போரே கிடையாது என்று பதில் வந்தது. எல்லோரும் மறுபடியும் முழங்கையைப் பார்த்தார்கள். அப்போது வாசலில் நின்றிருந்த தங்கை உள்ளே வந்தாள். வேலை முடிந்து, ஹோட்டல் சீருடையோடே வந்திருந்தாள்.

"இருக்கு. நான் தினமும் அந்தத் தண்ணியிலதான் துவைக்கிறேன். வாங்க, காட்டறேன்."

தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கண்டக்டர் குறுக்கிட்டார். "நீங்க இருங்க தலைவரே. உங்க பெயிண்ட் அங்க காய்ஞ்சிருச்சானு நாங்க பாத்துட்டு வர்றோம்."

ஷெட்டுக்குப் பின்னால், தகரத் தடுப்புக்குள், பம்பு உறுமிக்கொண்டிருந்தது. அன்று மாலையே தங்கைக்கு வேலை போனது. சோதனை முடியும்வரை பம்பை நிறுத்தும்படி துறை உத்தரவு போட்டது. தொட்டி உடனே சூடாகவில்லை. ஆகவில்லை பார் என்று தலைவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். உள்ளே புகுந்த தண்ணீரை வெளியே தள்ள பூமிக்கும் நேரம் வேண்டுமே.

பிறகொரு காலை கண்டக்டர் தொட்டியில் கால் வைத்தார். அலறிக்கொண்டு வெளியே குதித்தார். ஆவி கூரை முட்டியது. குழாயோ சங்கிலியில் கிடந்தது. சாவிக்காரரைக் கூட்டிவர ஆள் ஓடியது.

தலைவர் மூச்சிரைக்க வந்து நின்றார். தொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "இப்ப மட்டும் எப்படிச் சூடாக்குனே?"

இடுப்பில் துண்டோடு நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். தலைவர் பூட்டைத் திறந்து சங்கிலியை உருவினார்.

"ம், பதம் பாத்து விடு."

அவள் நகரவில்லை. "தப்பு என் மேல இல்லன்னு சொல்லுங்க."

"சரி, தப்பா நெனச்சுட்டோம்" என்றார், வாய்க்காலைப் பார்த்து.

"எனக்குக் கேக்கலயே" என்றார் கண்டக்டர்.

தலைவர் உரக்கச் சொன்னார். அப்போதும் அவள் குழாயைத் தொடவில்லை. தானே திருகிவிடலாமா என்று தலைவர் அதன் மேல் கை வைத்தார், எடுத்துவிட்டார். யாருக்காவது கொப்புளம் போட்டால் பழி யார்மேல் விழும் என்று அவருக்குத் தெரியாதா?

"இன்னும் என்னம்மா வேணும்?"

"இங்க துண்டு துவைக்க ஆள் இல்ல. என் தங்கச்சி உண்மையச் சொன்னதுக்கு வேலைய இழந்துட்டு உக்காந்திருக்கா."

"குழு கூடி யோசிக்கணும்."

"நிதானமா யோசிங்க. இவங்களும் நிக்கட்டும்."

"யோவ், குளிருதுய்யா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

தலைவர் தலையைச் சொறிந்தார். "சரி சரி. நாளைக்கு வரச் சொல்லு."

"நாளைக்கு எதுக்குங்க? வாசல்லதான் நிக்கிறா."