சாம்பல் சுவருக்கு முன்னால் ஒரு வகுப்பு

2009 வாக்கில் கணினிக்குள் எனக்குச் சொந்தமாக ஒரு மனை இருந்தது. ஆளுக்கொரு பொம்மை உருவமெடுத்து உலாவுகிற இணைய உலகம் அது. அங்கே என் பொம்மைக்குத் தலை நிறைய முடி, தொந்தி கிடையாது. என்னை நேரில் அறிந்த கல்லூரி நண்பன் கனடாவிலிருந்து அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் சிரித்தான்.

யோசனையும் அவனுடையதுதான். நாகர்கோவிலில் நான் பாடம் நடத்திவந்த டுட்டோரியலை மூடிவிட்டார்கள். அவன் ஊரிலுள்ள நம்மவர் பிள்ளைகளுக்கு இந்தப் பொம்மை உலகத்தில் தமிழ் வகுப்பு எடுக்கலாமே என்றான். முதலில் ஒரு வெள்ளோட்டம். பெற்றோருக்குப் பிடித்தால் எனக்கு வேலை உண்டு. இல்லாவிட்டால் பழையபடி நாற்காலியைத் தேய்க்க வேண்டியதுதான்.

வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். வடசேரி பஸ் நிலையத்தில் கண்டக்டர்கள் ஊர்ப்பெயர்களைக் கூவுவதைப் பதிவு செய்து வகுப்பு வாசலில் ஒலிக்கவிட்டேன். இராஜாக்கமங்கலம் பக்கம் கடற்கரையில் மீன் ஏலத்தைப் படம்பிடித்து, இணையத்தில் ஏற்றி, வகுப்புச் சுவரில் பொருத்தினேன். சுவர்தான் திரை.

சனிக்கிழமை காலை; அங்கே வெள்ளி சாயங்காலம். ஏழெட்டுப் பொம்மைகள் வந்து நின்றன. “பிள்ளைகளே, இதோ நம்ம கடல்!” என்றேன் கம்பீரமாக.

சுவர் சாம்பல் நிறத்தில் கிடந்தது. கடலும் இல்லை, மீனும் இல்லை. பொம்மைகள் அசையாமல் சுவரையே பார்த்தன. எனக்கு வெப்ராளம் பிடித்துவிட்டது. பதற்றத்தில் கண்ட பொத்தான்களையெல்லாம் அமுக்கினேன். என் பொம்மை கூரைக்கு மேலே பறந்து போனது. மைக்கை அணைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அடுக்களையைப் பார்த்துக் கத்தினேன்.

“ஏட்டி, எல்லாம் போச்சு! ஒண்ணும் தெரியல்ல! இனி நான் கருங்கல் ஊருச் சந்தைக்குத் தேங்கா உரிக்கப் போறேன்!”

“உங்களுக்கு உரிக்கத் தெரியுமாக்கும்?” என்றாள் மனைவி. “போன வாரம் ஒரு தேங்காய உரிச்சிட்டு கையில கட்டுப் போட்டுக்கிட்டு இருந்தது யாராம்?”

கணினியிலிருந்து ஒரு குழந்தைக் குரல் வந்தது. “ஆன்ட்டி, உரிக்கிறதுன்னா என்ன?”

எனக்கு உயிர் பாதி போய்விட்டது. மைக் திறந்தே இருந்திருக்கிறது. வகுப்பில் கூடவே இருந்த நண்பன் அடக்க முடியாமல் சிரித்தான்.

“ஏலே மக்கா, எங்களுக்குப் படம் நல்லா ஓடுதுல்லா! அவனவன் கம்ப்யூட்டர்ல அவனவன்தான் அமுக்கணும். நீ அமுக்குனியா?”

கணினித் திரையின் கீழ் மூலையில் முக்கோணமாக ஒரு சின்னப் பொத்தான். அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அமுக்கியிருந்தேன். அமுக்கியதும் சுவரில் அலை அடித்தது. ஏலக்காரர் தொண்டை கிழியக் கத்தினார். அதற்குள் என் மனைவி நாற்காலியிலிருந்து என்னை ஒதுக்கிவிட்டு மைக்கின் முன் உட்கார்ந்திருந்தாள். நார் எது, ஓடு எது, முதல் குத்து எங்கே குத்த வேண்டும் என்று விவரித்தாள். பிள்ளைகள் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். பாதி தமிழ், பாதி இங்கிலீஷ்.

முடிவில் ஒரு தாய் பேசினார். “சார், எங்க வீட்டுல எவ்வளவு கெஞ்சினாலும் இவன் தமிழ்ல வாய் திறக்க மாட்டான். இன்னைக்கு அவனா கேட்டான். அடுத்த வாரமும் வர்றோம். ஆன்ட்டி உரிக்கிறதப் படமா காட்டுவீங்களா?”

அன்று மாலையே கேமராவும் கையுமாகக் கொல்லைக்குப் போனேன்.

“படத்த நேரே பிடிங்க. இப்பவாவது சரியான பொத்தான அமுக்குனீங்களா?” என்றாள்.

“அதெல்லாம் அமுக்கியாச்சு” என்றேன். நம்பாத மாதிரி சிரித்துவிட்டுத் நட்டுவைத்த கடப்பாரையில் தேங்காயை ஓங்கிக் குத்தினாள்.