காலேஜ் கேன்

எனக்குக் கோபம் மூக்கின் மேல் என்பது எங்கள் கல்லூரி முழுக்கத் தெரியும். லேபில் யாராவது பீக்கரில் மிச்சமிருப்பதை வாஷ்பேசினில் கவிழ்ப்பதைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அவர்கள் பாடு அதோகதிதான். நான் வேதியியல் துறையில் சேர்ந்த புதிதில் எல்லாமே பேசினில்தான் போய்க்கொண்டிருந்தது. அமிலம், சாயம், உலோக உப்பு எல்லாம் ஒரே குழாய் வழியாகக் கட்டடத்துக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில் இறங்கும். நொய்யல் ஆற்றைக் கெடுத்தது யார் என்று வகுப்பில் முழங்கிவிட்டு அடுத்த மணி நேரத்தில் நாங்கள் செய்த காரியம் அது.

சண்டை போட்டு அதை நிறுத்தினேன். முப்பத்தைந்து லிட்டர் வெள்ளைக் கேன்களைப் புதிதாக வாங்க வைத்தேன். எந்தக் கழிவு எந்தக் கேனில் என்று பிரித்தேன். ஒவ்வொன்றிலும் தாள் ஒட்டி, மேலே கண்ணாடி டேப் சுற்றி, ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் நானே எழுதினேன். என் கையெழுத்து அழகானது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. சில மாதங்களுக்கு ஒருமுறை, அனுமதி பெற்ற கம்பெனியின் வண்டி வந்து கழிவைத் தங்கள் டிரம்முக்கு மாற்றி எடுத்துப் போகும்.

அந்தக் கேன்களில் ஒன்றுதான் எனக்கு எப்போதும் பயம். சாயத் தண்ணீர் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அளக்கும் சோதனை ஒன்று உண்டு. சாயப்பட்டறைகள் நிறைந்த திருப்பூரில் மாணவர்கள் அதிகம் செய்வதே அதுதான். அதற்குப் பாதரச உப்பு, குரோமிய உப்பு, கந்தக அமிலம் எல்லாம் சேர்க்க வேண்டும். அளந்து முடித்ததும் குடுவையில் மிஞ்சுவது, அளக்க வந்த சாயத் தண்ணீரைவிடப் பல மடங்கு கொடியது. அந்தக் கேனை மாணவர்களைத் தொடவிடாமல் நானே மூடித் திறப்பேன்.

எங்கள் லேபைக் கூட்டித் துடைத்து, குடுவைகளைக் கழுவி வைப்பவர் ஓர் அக்கா. நல்லூரிலிருந்து பஸ்ஸில் வருவார். பேச்சு குறைவு, வேலை சுத்தம். அவர் கழுவிய கண்ணாடியில் ஒரு கறை இருக்காது. ஒருநாள் கழிவு வண்டி வந்துபோன பிறகு அவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வராந்தாவில் பழைய கேன் ஒன்று காலியாகக் கிடக்கிறது, எடுத்துக்கொள்ளலாமா, நன்றாகக் கழுவிக்கொள்கிறேன் என்று கேட்டார். நான் தலையை நிமிர்த்தவில்லை. எடுத்துக்கங்கக்கா என்றேன்.

அவ்வளவுதான். எந்தக் கேன் என்று கேட்கவில்லை. திருப்பூரில் ஒரு கேன் காலியானால் அது தண்ணீர்க் கேன். வீட்டுக்கு வீடு சாயப்பட்டறையிலிருந்து வந்த நீலப் பேரல் நிற்கும். குழாய்த் தண்ணீர் நான்கு நாளைக்கொரு முறை வந்தால் அதிர்ஷ்டம், பிடித்துவைக்க வேறு வழி கிடையாது. எங்கள் வீட்டுப் பின்பக்கம்கூட ஒன்று நிற்கிறது. அதில் முன்னால் என்ன இருந்தது என்று வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிய நான் ஒருநாளும் யோசித்ததில்லை. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

நான்கைந்து மாதம் போயிருக்கும். அக்காவின் மகளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. மசக்கை தாங்காமல் அந்தப் பெண் மூன்றாம் மாதத்திலிருந்தே அம்மா வீட்டில்தான் இருந்தாள். அதனால் குண்டடத்திலிருந்து சம்பந்தி வீட்டார் இங்கே வந்திருந்தார்கள். பனியன் மெஷின் ஓடும் சத்தம் இரண்டு பக்கமும் கேட்கும் சந்தில் சின்ன வீடு. வாசலில் ஷாமியானா, உள்ளே பாயில் கண்ணாடி வளையல் குலுங்க அந்தப் பெண். நான் போய்க் கன்னத்தில் சந்தனம் தடவினேன். நல்ல வெயில். அக்கா ஓடிப்போய் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். மடமடவென்று குடித்து, இன்னொரு டம்ளர் கேட்டு, நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சமையலறைக்குள் போனேன்.

அங்கே ஸ்டூலின் மேல் அந்தக் கேன் இருந்தது. அடியில் ஓட்டை போட்டுப் பித்தளைக் குழாய் வைத்திருந்தார்கள். மூடிக்குக் கீழே மஞ்சள் குங்குமம். நடுவில் டேப் சுற்றிய தாளில் என் அழகான கையெழுத்து. அபாயம். பாதரசக் கழிவு. எல்லாம் ஆங்கிலத்தில்.

டம்ளர் கையிலேயே இருந்தது. நான் குடித்தது ஒரு டம்ளர், கூடத்தில் வளையல் குலுங்க உட்கார்ந்திருந்தவள் மாதக்கணக்காக இதைத்தான் குடித்திருப்பாள். அக்கா பின்னாலேயே வந்தார். நான் கேனையே பார்ப்பதைப் பார்த்து அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

"குடிக்கறதுக்குன்னே தனியா வெச்சிருக்கறனுங்க மேடம். சாயப்பட்டறக் கேனெல்லாம் குளிக்கறதுக்குத்தானுங்க. புள்ளத்தாச்சி குடிக்கறதாச்சே, காலேஜ் கேனுன்னா சுத்தமா இருக்குமுங்கல்லோ. நீங்க எழுதுனத கிழிக்க மனசு வர்லீங்க."

அந்த நிமிடத்தில் ஒரு பொய் என் நாக்கு நுனிவரை வந்தது. கல்லூரியில் கேன் கணக்குக் கேட்கிறார்கள், திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லிவிடலாம். விருந்து முடிந்ததும் தூக்கிக்கொண்டு போய்விடலாம். என் மானமும் தப்பும், சம்பந்திகள் முன்னால் அவர் மானமும் தப்பும். இப்படி நான் நினைத்தேன் என்பதை எழுத இன்றும் கூசுகிறது. அதற்குள் யாரோ வெளியிலிருந்து, பிள்ளை தண்ணீர் கேட்கிறாள் என்றார்கள். அக்கா ஒரு சொம்பைக் குழாய்க்குக் கீழே வைத்தார்.

சொம்பைப் பிடுங்கினேன். "அக்கா, வேண்டாங்க. அதுல வெசம் இருந்துச்சுங்க. நாந்தான் பாக்காமக் குடுத்துட்டேன்."

சம்பந்தியம்மா சமையலறை வாசற்படியில் நின்றபடி, "ஏனுங்க, எத்தன நாளா இதக் குடிச்சிட்டிருக்கறா?" என்றார். என்னைக் கேட்கவில்லை, அக்காவைக் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன், இதோ சிரித்துவிடுவேன் என்று காத்திருக்கும் பார்வை அது.

அன்றைக்கே எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தண்ணீரை வெளியூர் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். கேனை அக்கா பல தடவை புளி போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தாராம். அதனால் பெரும்பகுதி போயிருந்தது, முழுக்கப் போகவில்லை. அந்தப் பெண்ணின் ரத்தத்திலும் பாதரசம் இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தது. இதற்குமேல் ஏறாது, குழந்தைக்கு என்ன ஆகும் என்பதைப் பிறந்தபின்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். கல்லூரி முதல்வரிடம் எழுதிக் கொடுத்தேன். விசாரணை வைத்தார்கள், எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். கடிதம் எனக்கு உறைக்கவே இல்லை.

அக்கா மறுவாரமே வேலைக்கு வந்தார். எப்போதும்போலக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ரத்தப் பரிசோதனை முடிவு வந்த அன்று மட்டும் கழிவுக் கேன்கள் வரிசைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்.

"எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கறனுங்க மேடம். தமிழ்ல எழுதியிருந்தீங்கன்னா படிச்சிருப்பனுங்க."

அன்று மாலையே எல்லாத் தாளையும் உரித்துவிட்டுத் தமிழில் எழுதினேன். கழிவு வண்டி வரும் நாட்களில், பழசாகிப்போன காலிக் கேனையும் அதோடு அனுப்பிவிட்டுத்தான் இப்போது வீட்டுக்குக் கிளம்புகிறேன். எங்கள் வீட்டு நீலப் பேரலையும், வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி ஓட்டை போட்டு அப்புறப்படுத்தினேன். செத்த பாம்பை அடிப்பது போலத்தான்.

பையன் பிறந்தான். எடை சரி, அழுகை சரி. காது, கண், கை கால் எல்லாம் போகப் போகப் பார்க்கணும் என்றார் டாக்டர். மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். வீட்டில் இப்போது அனுப்பர்பாளையத்துப் பித்தளைக் குடம். அக்கா இன்னும் எனக்குத் தண்ணீர் மோந்து கொடுக்கிறார், குடிக்கிறேன்.

போன மாதம் அவனுக்கு எட்டு மாதம். பாயில் குப்புறக் கிடந்து கரண்டியோடு விளையாடிக்கொண்டிருந்தான். அக்கா உள்ளே இருக்கிறார் என்று நினைத்து அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று மெல்லக் கை தட்டினேன். திரும்பினான். மறுபக்கம் போய் இன்னும் மெதுவாகத் தட்டினேன். நிமிர்ந்தால் கதவருகில் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"நானும் தெனமும் தட்டிப் பாக்கறனுங்க மேடம்" என்றார்.