தார் பூசிய வளையம்

திருகோணமலையில் எங்கள் மாதா கோவிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் சனிக்கிழமை மத்தியானங்களில் பத்துப் பெண்கள் கூடிப் பூக்கட்டுவோம். பீடத்துக்கும் நாங்கள்தான், கல்யாணத்துக்கும் நாங்கள்தான், செத்தவீட்டுக்கும் நாங்கள்தான். காசு கொடுத்துப் பூ வாங்குவதில்லை. யார் வீட்டில் எது பூக்கிறதோ அது வரும். செவ்வரத்தை, அலரி, மல்லிகை, ஒன்றும் பூக்காத வெயில் மாதத்தில் குரோட்டன் இலையும் தென்னங்குருத்தும். பூவை நிறுத்தி வைக்க வாழைத்தண்டைத் துண்டு போட்டு, பூக்காம்பை ஈர்க்கில் கட்டிக் குத்துவோம். வாடினதெல்லாம் மல்லிகைக்கு எருவாகப் போகும். வெளிநாட்டுச் சாமான் வராத காலம் அது. கடைகளில் ரிபனும் இல்லை, கம்பியும் இல்லை.

எங்களிடம் கொஞ்சம் கம்பி இருந்தது. வெள்ளைக்காரன் கப்பல் திருத்தும் டொக்யாட்டை விட்டுப் போனபோது பழைய இரும்போடு விலைப்பட்ட கம்பி. அதை வளையமாக்கி அதன்மேல்தான் பூவைக் கட்டுவது. செத்தவர்களுக்கு வைத்த மலர்வளையம் சேமக்காலையில் கல்லறைமேல் கிடந்து காயும். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்ததும் போய், சருகை உதறிவிட்டு, கம்பி வளையத்தை எடுத்து வர வேண்டும். மற்றவர்களுக்குப் பிள்ளை அழும், கால் நோகும், புருஷன் ஏசுவான். பதினைந்து வருஷம் நான்தான் போனேன்.

மண்டபச் சுவரில் இரண்டு ஆணி. ஒன்றில் கல்யாண வளையங்கள், மற்றதில் சேமக்காலை வளையங்கள். மாறிப் போகக்கூடாது என்று சேமக்காலை வளையத்தில் வள்ளத்துக்குப் பூசும் தாரை ஒரு சொட்டு வைத்திருந்தோம். என் பொறுப்பில் ஒன்றும் மாறினதில்லை என்று நானே சொல்லித் திரிந்தேன்.

எங்களோடு பூக்கட்டிய பெண்பிள்ளை ஒருத்திக்குக் குச்சவெளியில் சம்பந்தம் சரிவந்தது. மாப்பிள்ளையின் தாய் சகுனம் பார்க்கிற மனிசி. மெழுகுதிரி அணைந்தது என்று ஒருமுறை, வந்த பஸ் வழியில் பழுதானது என்று ஒருமுறை, இரண்டு தரம் நாளைத் தள்ளி வைத்தவர். மூன்றாம் தரம் ஏதும் வந்தால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிள்ளை சோறு இறங்காமல் மெலிந்து போனாள்.

கல்யாணத்தன்று விடியக் கோவில் வாசலில் வளைவு கட்டினோம். ஒன்பது வளையம் வேண்டும். ஒன்பதாவதை முறுக்கினேன், துரு தின்ற இடத்தில் படக்கென்று ஒடிந்தது. கடலோரத்தில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? கல்யாண ஆணியில் வேறு வளையம் இல்லை. எட்டோடு விட்டிருக்கலாம். பக்கத்தில் நின்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் பொறுப்பில் குறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கத்தியோடு மண்டபத்துக்குள் போய், மற்ற ஆணியில் கைக்கு முதல் பட்டதை எடுத்து, தாரைச் சுரண்டி, குருத்தோலை சுற்றி, மல்லிகை வைத்துக் கொண்டுவந்து தோளுயரத்தில் கட்டினேன்.

பத்து மணிக்கு நல்ல வெயில். தார் முழுதும் போகவில்லை. அந்தப் பிள்ளை தன் தகப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு வளைவுக்குள் நுழைந்தபோது, தலையில் போட்டிருந்த வெள்ளை நெட் அந்த வளையத்தில் உரசியது. வெயிலில் இளகின தார் விரல் நீளத்துக்கு நெட்டில் இழுபட்டது.

வாசலில் நின்ற மாப்பிள்ளையின் தாய் கண்டுவிட்டார். “இதென்ன கறுப்பு?”

எங்கள் கூட்டத்துத் தையல்காரிக்கு வாய் நீளம். அவள் என்னை ஒருதரம் பார்த்தாள், பிறகு அவரிடம் திரும்பினாள். “வளைவைத் தூக்கி நிறுத்தினது வள்ளக்காரர், அம்மா. அவங்கட கையில தார் இல்லாட்டித்தான் நீங்கள் பயப்பிடவேணும்.”

அந்த மனிசி யோசித்துவிட்டுச் சிரித்தார். “எங்கட வீட்டு ஆம்பிளையளும் தார்க்கையோடதானே சோறு தின்னுறவங்கள். நட பிள்ளை, பூசைக்குச் சுவாமியார் பாத்துக்கொண்டு நிக்கிறார்.”

ஆனால் சேமக்காலை வளையங்களுக்குத் தார் வைத்தவளே அந்தப் பிள்ளைதான். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கறுப்பு உள்ளே போகும்படி நெட்டை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அடுத்த சனிக்கிழமை கூட்டத்தில் நான் செய்ததைச் சொன்னேன்.

“எனக்கு வாசலிலயே தெரியும்,” என்றாள் தையல்காரி. “நீ நிண்ட நிலையைப் பாத்தா, அங்க கல்யாணமோ செத்தவீடோ எண்டு ஆருக்கும் சந்தேகம் வரும்.”

மண்டபத்தைப் பூட்டும் திறப்பை மேசையில் வைத்தேன். “இனி வேற ஆரும் பாருங்கோ.”

ஒருவரும் தொடவில்லை. “நீங்கள் விட்டா சேமக்காலைக்கு ஆர் போறது?” என்றாள் ஒருத்தி. “எனக்கு முழங்கால் ஏலாது,” என்றாள் இன்னொருத்தி. பூக்கட்டி முடித்து எல்லாரும் போனார்கள். திறப்பு வைத்த இடத்திலேயே கிடந்தது. கதவைப் பூட்ட ஆள் வேண்டுமே, எடுத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அத்தனை பேருக்கு முன்னால் சொன்னவள், அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்லவில்லை. குச்சவெளி பஸ் என் வீட்டு வாசலால்தான் போகும், ஏறிப் போயிருக்கலாம். போகவில்லை.

அவள்தான் வந்தாள், ஏழு மாத வயிற்றோடு. மண்டபத்தில் நான் தனியே வாழைத்தண்டு வெட்டிக்கொண்டிருந்தேன். இழுத்துப் போட்ட கதிரையில் அவள் இருக்கவும் இல்லை.

“பெரியம்மா, அது எந்தச் செத்தவீட்டு வளையம்?”

வயிற்றில் வரும் ஒவ்வொரு நோவுக்கும், நாங்கள் பூக்கட்டி அனுப்பிய செத்தவர்கள் ஒவ்வொருவராக அவளுக்கு நினைவு வருகிறார்களாம். அந்த வருஷம் பிள்ளைப்பேற்றில் போன ஒருத்திக்கும் கட்டியிருந்தோம். அவளுடையதா என்பதுதான் கேள்வி. அதை இருவரும் வாயால் சொல்லவில்லை.

“தெரியாது பிள்ளை,” என்றேன். “கைக்கு வந்ததை எடுத்தனான்.”

அவள் சுவரில் தொங்கிய வளையங்களைப் பார்த்தபடி நின்றாள். “ஆரோ தொண்ணூறு வயசுக் கிழவியின்ர எண்டு சொல்லியிருக்கலாம் எல்லோ,” என்றாள். “நான் நம்பியிருப்பன்.”

தேத்தண்ணி வைக்கிறேன் என்றேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாள்.

பிள்ளை சுகமாகப் பிறந்தது என்று தையல்காரி வந்து சொன்னாள். ஞானஸ்நானத்துக்கு வளைவு வேண்டாமாம், வெறும் பூ வந்தால் போதுமாம். விடிய எழும்பிப் பறித்து, நனைத்த சாக்கில் சுற்றி, முதல் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அதற்குள் ஒரு துண்டுக் கம்பியும் வைக்கவில்லை.