சபீனா சொன்னது பெயர் இல்லை

காலை ஏழரை மணிக்குக் களக்காட்டிலிருந்து வரும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். சபீனாவின் தம்பி போன் செய்தான். "முத்தக்கா, லாத்தா மவுத்தாயிட்டா" என்றான். எந்த லாத்தா என்று கேட்டேன், அறிவு கெட்டவள். அவனுக்கு இருந்தது ஒரே அக்காள். இறந்துபோனது என் சபீனா.

மேலப்பாளையத்தில் எங்கள் தையல் கூடத்தை சபீனாவும் நானும்தான் தொடங்கினோம். பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் துணிப்பை தைத்தார்கள். அவற்றைக் காய்கறிக் கடைகளில் தொங்கவிட்டோம். கையை வீசிக்கொண்டு வருகிறவர்கள் எடுத்துப் போய், மறுநாள் திருப்பித் தரலாம். யோசனை சபீனாவுடையது, ஓட்டம் என்னுடையது. அவள் நடையே தனி. பத்தடிக்கு ஒரு தரம் நின்று யாரையாவது நலம் விசாரிப்பாள். "என்னட்டி, ஊர்கோலமா போற?" என்று கத்துவேன். "போன பஸ்ஸுக்குப் பின்னால இன்னொரு பஸ் வராமலா போகும்?" என்பாள். அந்த நிற்பெல்லாம் எதற்கென்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இளம் சமூகத் தொழில்முனைவோருக்கான அறிமுக விழாவுக்கு விண்ணப்பிக்க அரைமணி நேரமே மிச்சம் இருந்தது. கூடத்துக்குப் பெயர் வைக்கவே மறந்திருந்தோம். "பேரு என்ன போட? சொல்லித் தொலை!" என்று போனில் அலறினேன். "பைய…" என்றாள். பையைத்தானே தைக்கிறோம், பெயர் நன்றாகத்தான் இருக்கிறது என்று அப்படியே அடித்து அனுப்பிவிட்டேன். அவள் சொன்னது பெயர் இல்லை. எங்கள் ஊரில் பைய என்றால் மெதுவாக; மெதுவாகப் போடு என்று சொல்ல வந்திருக்கிறாள். இதைக் கேட்டுக் கூடத்துப் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

விழா பாளையங்கோட்டையில் நடந்தது. ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று நிமிடம். சென்னையிலிருந்து வந்திருந்த தொகுப்பாளர், "அடுத்து, பைய!" என்று கூவ, அரங்கமே சிரித்தது. நான் சபீனாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். மேடையின் மூன்றாவது படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உதடு வெளுத்திருந்தது.

"பைய, ஏட்டி. மூச்சு வாங்குது."

மேடைப் பயம் என்று நினைத்தேன். "நேரம் போகுது, மானத்தை வாங்காத" என்று பல்லைக் கடித்தேன். ஏறினாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து விட்டாள். பிறகு, "நாங்க பைய தைக்கோம். பையத்தான் தைக்கோம்" என்றாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. சான்றிதழ் வாங்கும் படத்தில் அவள் சிரிக்கிறாள், நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

அதிலிருந்து மூன்றாவது வாரம் அந்த போன் வந்தது.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இதயத்தில் கோளாறாம். நெஞ்சைத் தடவிக்கொண்டே அவள் உம்மா சொன்னார். ஆபரேஷனுக்கு நாள் குறித்தபின், "விழா முடியட்டும் உம்மா, முத்து தனியா நிப்பா" என்று தள்ளிவைத்தாளாம். "உங்கிட்ட சொல்லலியாம்மா?" என்று கேட்டார். சொல்லவில்லை. சொல்ல வந்திருந்தால்தான் என்ன, நான் எங்கே நின்று கேட்டேன்! உம்மா என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மய்யித்தை, அதாவது இறந்தவர் உடலை, தாமதிக்காமல் கொண்டுபோவது அவர்கள் வழக்கம். ஆண்கள் சந்தூக்குப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்கள். பெண்கள் வாசலோடு நின்றோம். அவளுடைய சந்தூக்கு தெருமுனையை நெருங்கியபோது என்னால் தாங்க முடியவில்லை. வாழ்நாளில் யாரையும் மெதுவாகப் போகச் சொல்லாதவள், தெருவென்றும் பாராமல் கத்திவிட்டேன்.

"அண்ணாச்சி, பைய… பைய போங்க."

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார். சபீனாவிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த ஒரு சொல்தான். மூன்றாவது படியில் அவள் நின்றபோது நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.