மூட்டைக்கு வேண்டுதல் இல்லை

வகானாவுக்கு யாரிடமும் "வேண்டாம்" என்று சொல்ல வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவள் கதையில் மற்றதெல்லாம் இதன் பின்னால் வருவதுதான். நானும் அவளும் ஜப்பானின் சகாய் நகரத்தில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். உயர்நிலைப் பள்ளியில் அவள் சாப்பாட்டுப் பெட்டியில் இருக்கும் முட்டைச் சுருளை யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவாள். அதிகம் கேட்டது நான்தான்.

நர்சிங் படிக்கப் போனாள். பாதிப் படிப்பில் அவள் அத்தை வந்து, "கடையில ஆள் நிக்க மாட்டேங்குது, கொஞ்ச நாளைக்கு வந்து கல்லைப் பாத்துக்கோடி" என்றாள். படிப்பை விட்டுவிட்டு, ஒகோனோமியாக்கி என்கிற அடை சுடும் அந்தக் கடையில் முட்டைக்கோஸ் நறுக்கினாள். அங்கே கை பழகி வந்த நேரத்தில் சித்தப்பா மகளுக்குக் குழந்தை பிறந்தது. அங்கே போய் அந்தக் குழந்தையை வளர்த்தாள். அதற்கப்புறம் ஒரு பேக்கரி, ஒரு மருந்துக் கடை. எல்லாம் பாதியில் நின்றன. அவள் அப்பா சரக்கு லாரி ஓட்டுகிறவர். புத்தாண்டு அன்று குடும்பமே உட்கார்ந்து சாப்பிடும்போது, "வாழ்க்கையில நீ எதையாவது முழுசா முடிச்சிருக்கியா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அடுத்த வாரம் என் வீட்டுக்கு வந்து, ஷிகோகு தீவைச் சுற்றி எண்பத்தெட்டு கோயிலையும் நடந்தே பார்த்துவிட்டு வரப்போவதாகச் சொன்னாள். எந்த இடத்திலும் வண்டி ஏறாமல், ஒவ்வொரு அடியும் நடந்து.

எனக்கு அப்போதுதான் செல்போன் கடையில் வேலை போயிருந்தது. "உன்னைத் தனியா விட முடியுமா? நானும் வர்றேன்டி" என்றேன். அவள் டீக் கோப்பையைக் கைக்குள்ளேயே திருப்பிக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"ம்… அதுவும் நல்லதுதான்" என்றாள்.

அவள் ஏற்கெனவே தனக்கு ஒரு கைத்தடியும் ஓலைத் தொப்பியும் வாங்கி வைத்திருந்தாள். என்னுடையதை முதல் கோயில் வாசல் கடையில் வாங்கினேன்.

முதல் வாரம் உற்சாகமாகப் போனது என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் மலையிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. இரண்டாம் வாரம் கால் விரல் நகங்கள் கறுத்தன. தீவின் தென்பக்கம், கோச்சி மாநிலத்துக் கடற்கரைச் சாலையில் இறங்கியபோது எனக்குக் கடலைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. இடது பக்கம் கடல், வலது பக்கம் மலை, நடுவில் லாரிகள் தெறிக்கவிடும் தண்ணீர். ஒரு கோயிலுக்கும் அடுத்ததற்கும் நடுவே நாள் கணக்கில் நடை. வகானாவின் வலது முழங்கால் பன்ரொட்டி மாதிரி வீங்கியிருந்தது. "வலிக்குதா?" என்று கேட்டால் "இல்லையே" என்பாள். அந்த "இல்லையே"வைக் கேட்டுக் கேட்டு எனக்குத்தான் வலித்தது.

போதாக்குறைக்கு ஓசெட்டாய். யாத்திரை போகிறவர்களுக்கு வழியில் ஊர்க்காரர்கள் கொடுப்பது அது. ஒரு டீ, இரண்டு சோற்று உருண்டை, ஒரு பாக்கெட் டிஷ்யூ, எதுவாகவும் இருக்கலாம். வாங்கிக்கொண்டு, கும்பிட்டு, நம் பெயர்ச்சீட்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். மறுக்கக் கூடாது. கொடுப்பவரின் புண்ணியத்தில் கை வைத்த மாதிரி ஆகிவிடும். இது வகானாவுக்கென்றே வைத்த சட்டம். கோச்சியில் பம்பளிமாஸ் காலம். ஒவ்வொன்றும் சின்னக் குழந்தையின் தலை அளவு. வயலில் நின்றவர்கள் எல்லாரும் ஓடி வந்து ஆளுக்கு இரண்டு கொடுத்தார்கள்.

"நின்ன இடத்துலயே உரிச்சுத் தின்னுட்டுப் போலாம்டி" என்றேன்.

"குடுத்தவங்க பாக்குறாங்களே. உடனே தின்னா பசியில அலையறோம்னு நெனைப்பாங்க."

"அப்ப தூக்கிப் போடு."

"ஐயோ!"

ஐயோவையும் சேர்த்து அவள் சுமந்தாள்.

அன்று காலையிலிருந்து மழை. குரோஷியோ என்ற ஊருக்குள் நுழைகிற வழியில், குளிர்பான இயந்திரங்கள் நிற்கும் ஒரு தகரக் கொட்டகையில் ஒதுங்கினோம். ஒரு வெள்ளைக் குட்டி வேன் எங்களைக் கடந்து போய், கொஞ்ச தூரத்தில் நின்று, ரிவர்ஸில் வந்தது. கழுத்தில் துண்டு போட்ட ஒரு தாத்தா கண்ணாடியை இறக்கினார். பின்னால் பழப் பெட்டிகள்.

"ஏம்மா, அந்தக் காலை வச்சுக்கிட்டு எங்க போறீங்க? இன்னைக்கு எந்த விடுதி?"

"இரினோவுல, தாத்தா" என்றேன் நான்.

"ஏறுங்க. இது என்னோட ஓசெட்டாய்."

வகானாவின் முகம் போன போக்கைப் பார்த்தேன். பார்த்தும் வேனுக்குள்தான் எட்டிப் பார்த்தேன். இவ்வளவு நாளில் முதல் தடவையாக ஒரு மெத்தை இருக்கை என் கண்முன் இருந்தது. அவள் பெயர்ச்சீட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். ஏறிவிட்டாள்.

வேனில் சூடு போட்டிருந்தது. தாத்தாவின் பெயர் யசுவோகா. மனைவியின் மூட்டு வலி, குரங்குகள் தின்றுவிட்டுப் போன பழம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே ஓட்டினார். வகானா "அப்படியா, அப்படியா" என்று தலையாட்டியபடி, ஜன்னல் வழியாக, தான் நடக்காமல் போகும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரை நாள் நடை கால் மணி நேரத்தில் முடிந்தது. விடுதி வாசலில் இறக்கிவிட்டார். வேன் வளைவில் மறையும்வரை வகானா குனிந்து வணங்கியபடியே நின்றாள். பிறகு நிமிர்ந்து, "நீ உள்ள போய்க் குளி. நான் கொட்டகைக்குத் திரும்பிப் போய் அங்கருந்து நடந்து வர்றேன்" என்றாள்.

"பைத்தியமா உனக்கு?"

"நடக்காத எடம் ஒண்ணு நடுவுல இருந்தா அப்பா சொன்னதுதான சரின்னு ஆயிடும்?"

திட்டிக்கொண்டே நானும் கூடப் போனேன். ஒரு மணி நேரம் நடந்திருப்போம். பின்னாலிருந்து அதே வெள்ளை வேன் வந்து நின்றது. மனிதர் பெட்ரோல் போட்டுவிட்டு ஏதோ வாங்கிக்கொண்டு வருகிறார்.

"என்னம்மா இது, வந்த வழியே போறீங்க? எதையாவது மறந்துட்டீங்களா?"

நான் வகானாவைப் பார்த்தேன். "நீங்க ஏத்தினது எனக்குப் பிடிக்கல" என்று அந்த முகத்தைப் பார்த்து யார் சொல்வார்கள்? அவள், "துண்டு… அந்தக் கொட்டகையில துண்டை விட்டுட்டேன்" என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டாள்.

"அட, அதுக்கு ஏன் நடக்கணும்? ஏறு, ஏறு!"

ஆக, திரும்பிப் போவதும் வேனில். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. ஒரு விதத்தில் கணக்கு நேராகிவிட்டது, எங்கே ஏறினோமோ அங்கேயே இறங்கினோம். துண்டு இல்லை என்று சொல்லிவிட்டால் அவர் போய்விடுவார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். அவர் போகவில்லை. இயந்திரத்துக்கு அடியில் பார்த்தார். குப்பைத் தொட்டியை நகர்த்தினார். அதற்கப்புறம் அந்த வயதில், அந்த மழையில், ஓரத்து வாய்க்காலில் இறங்கி, குனிந்து, இலைகளைக் கையால் தள்ளித் தள்ளித் தேட ஆரம்பித்தார்.

"என்ன கலரும்மா?"

"வெள்ளை" என்றாள் வகானா.

"காத்துல பறந்திருக்கும். சரி விடு." இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி வந்தார். தன் கழுத்திலிருந்த துண்டை எடுத்துப் பிழிந்து உதறினார். "இதை வச்சுக்கோ. பழசுதான், துவைச்சது. வாங்க, மறுபடி விடுதியில விட்டுடறேன்."

நீட்டிய துண்டைப் பார்த்து வகானா அழுதுவிட்டாள். பொது இடத்தில் அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

"தாத்தா, துண்டெல்லாம் எதுவும் தொலையல. நான் பொய் சொன்னேன். நான் முழுசும் நடந்து முடிக்கணும்னு வந்தவ. வண்டியில ஏறக் கூடாது. எனக்கு… எனக்கு வேண்டாம். தயவுசெஞ்சு."

தாத்தா துண்டும் கையுமாக அப்படியே நின்றார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்னம்மா?"

"ஓசெட்டாயை வேண்டாம்னு சொல்லக் கூடாதே."

"அது சரி." நனைந்த தலையைச் சொறிந்துகொண்டார். "என் வீடு இந்தக் கொட்டகைக்குப் பின்னாடி, மேட்டுல. இரினோவுல எனக்கு ஒரு வேலையும் கிடையாது. நொண்டிக்கிட்டு நிக்கிற பொண்ணைப் பாத்துட்டு, கேக்காமப் போனா நல்லாவா இருக்கும்னுதான் நிறுத்தினேன். நீ 'நடந்தே போயிக்கறேன்'னு சொல்லுவியோன்னு பாத்தேன், பொசுக்குன்னு ஏறிட்டே. வீட்டுக்காரி சோத்தை வச்சுக்கிட்டு காலையிலருந்து உக்காந்திருக்கா."

மூன்று பேரும் மழையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். முதலில் சிரித்தது அவர்தான். பிறகு வகானாவின் முதுகுப் பையைக் காட்டினார்.

"மூட்டைக்கு வேண்டுதல் ஒண்ணும் இல்லையே? அதையாவது ஏத்துறேன்."

"அது… அது போகலாம்" என்றாள் வகானா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. பையை அவர் தூக்கிப் பார்த்து, "கல்லா வச்சிருக்கே?" என்றார். பம்பளிமாஸ் என்றதும் மறுபடியும் சிரித்தார்.

நான் என் பையையும் ஏற்றினேன். "வாடி, நடப்போம்" என்றேன்.

அவள் நகரவில்லை. தடியின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சினாட்சு, நீயும் வண்டியில போயிடேன்."

"உன்னைத் தனியா விட்டுட்டா?"

"தனியாத்தான் வரணும்னு இருந்தேன்" என்றாள். "ஆரம்பத்துலருந்தே."

கோபமாகச் சொல்லவில்லை. தவறுதலாகக் காலை மிதித்துவிட்டவளைப் போல, மெதுவாக, என் முகத்தைப் பார்க்காமல். அந்த டீக் கோப்பை எனக்கு ஞாபகம் வந்தது. முதல் கோயில் வாசலில், ஒரே ஒரு ஆளுக்கென்று அவள் போட்டு வைத்திருந்த அறை ஏற்பாட்டை எல்லா விடுதிக்கும் போன் செய்து மாற்றிக்கொண்டு நின்றதும் ஞாபகம் வந்தது. அவள் அத்தை, அவள் சித்தப்பா மகள், அந்த வரிசையில் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குப் புரிந்தது. மனம் வலித்தது. ரொம்பவே வலித்தது.

வேனில் ஏறிக்கொண்டேன். தாத்தா சிறிது தூரம் போனபின், "சண்டையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கண்ணாடியில் அவள் சின்னதாகத் தெரிந்தாள். கொட்டகையை ஒட்டியே ஒரு பாலம். பாலத்தின்மேல் தடியை ஊன்றக் கூடாது என்பது யாத்திரை வழக்கம், இந்த யாத்திரையை ஆரம்பித்து வைத்த மகான் அடியில் உறங்குகிறாராம். அந்த முழங்காலோடு தடியை மார்போடு தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் கைப்பிடிச் சுவரைத் தொட்டுத் தொட்டுத் தாண்டினாள். அதுவரை பார்த்தேன்.

விடுதிக்காரம்மாவிடம் இரண்டு தனி அறை கேட்டேன். இருட்டுவதற்குள் வகானா வந்து சேர்ந்தாள். படியில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் சுவரில் சாய்ந்தாள்.

"கால் எப்படி இருக்கு?"

"வலிக்குது" என்றாள். "பயங்கரமா வலிக்குது."

இந்த யாத்திரையில் அவள் வாயிலிருந்து அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை. நான் குனிந்து கயிற்றை அவிழ்த்துவிட்டேன். மீன் வறுத்திருந்தார்கள், தின்றோம்.

காலையில் நான் ரயில் நிலையத்துக்குக் கிளம்பியபோது மழை விட்டிருந்தது. வாசலில் தொப்பியைக் கட்டிக்கொண்டே அவள், பழக்க தோஷத்தில், "வேணும்னா நீயும் கூட வரலாம், அதனால என்ன" என்றாள்.

நிஜமாகவே கால் அந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் இந்தத் தடவை அவள் சொன்னதைக் கேட்காமல் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"வேண்டாம்டி" என்றேன்.

அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நான் அவள் பையைத் திறந்து, பம்பளிமாஸ் எல்லாவற்றையும் எடுத்து என் பைக்குள் திணித்துக்கொண்டேன். ஐயோ, எதுக்குடி என்றாள். "ஓசெட்டாய். வாயை மூடிக்கிட்டு வாங்கிக்கோ" என்றேன். அவள் சிரித்து, சட்டைப் பையிலிருந்து பெயர்ச்சீட்டு ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் எனக்கு நீட்டினாள்.

சகாய் போய்ச் சேரும்வரை அவற்றைச் சுமந்தேன். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.